அரை மார்க்கு வித்தியாசம்

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளை எல்லாரும் மினிட்ஸ் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பு எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறாள். பேசியதை எழுதியது குறைவு. பேசாததை எழுதியதுதான் அதிகம்.

குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். தலைவர் டயர் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மற்ற நால்வரில் ஒருவர் வக்கீல், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் நாலு பஸ்ஸுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார், பிஸ்கட் தட்டு வரும்போது சொல்லிவைத்தாற்போல் விழிப்பார். டயருக்கும் பல்லுக்கும் பஸ்ஸுக்கும் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. ஊரில் நாலு பேர் என்றால் இந்த மாதிரி நாலு பேர்தான்.

ஆசிரியரை வேலைக்கு எடுக்கிற கூட்டத்துக்கு மூடிய அமர்வு என்று பெயர். அன்றைக்குக் கதவில் அட்டை தொங்கும், ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்கள், டீ கொண்டுவருகிறவர்கூடக் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே தட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே என்னவோ அணுகுண்டு செய்கிறார்கள் என்று வெளியே நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே பல் டாக்டர் மாடிக்குக் கட்டுகிற புதுக் குளியலறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் மூடிய அமர்வு முடிந்ததும், வக்கீல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

"இங்க பாருங்கம்மா, தலைவர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாரு. பெரிய மனுஷன். நாமதான் புரிஞ்சுக்கணும். நேர்முகத்துல யார் உக்காந்திருக்கும்போது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசைமேல வைக்கிறாரோ, அவங்கதான். அதுக்கப்புறம் நாங்க பேச மாட்டோம். நீங்க எழுதிடுங்க."

அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. அவளே அந்த அறையில்தான் தட்டச்சு வேலைக்கு நேர்முகம் கொடுத்தாள். அவள் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கண்ணால் அவளைப் பார்த்தார். என்னிடம் ஏதோ இருக்கிறது, அதை இந்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டார் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அந்த நினைப்பு ரொம்ப வருஷம் அவளுக்குச் சோறு போட்டது.

எழுதிவிடுங்க என்றால் சும்மா எழுதுவதில்லை. எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து மார்க்கு. அது வெளியே திருத்தி உறை ஒட்டி வரும், யாரும் கை வைக்க முடியாது. நேர்முகத்துக்கு இருபத்தைந்து. குழுவில் ஆளுக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். போடுவார்களா? வெறும் தாளில் கையெழுத்தைப் போட்டு அவளிடம் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். கண்ணாடி கழன்றபோது உட்கார்ந்திருந்தவர் முதலாவதாக வருகிற மாதிரி அவள்தான் ஐந்து பேர் பெயரிலும் மார்க்குப் போட வேண்டும். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போடுவது. மூடிய அமர்வு ரகசியம், ஆனால் மார்க்குப் பட்டியலை மட்டும் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்ட வேண்டும் என்பது சட்டம். சமையலறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, சாப்பாட்டைப் பற்றிப் புகார் இருந்தால் தாராளமாக எழுதிக் கொடுக்கலாம் என்கிற மாதிரி.

ஆரம்பத்தில் அவளுக்கு அனுபவம் போதாது. தோற்ற ஒருவருக்கு இருபத்தைந்துக்கு ஆறு போட்டுவிட்டாள். அவருடைய மாமனார் வந்து பெரிய கலாட்டா பண்ணிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கற்றுக்கொண்டாள். பத்து மார்க்கில் தோற்றவன் வக்கீலைத் தேடிப் போவான். அரை மார்க்கில் தோற்றவன் வீட்டுக்குப் போய்த் தன்னையே திட்டிக்கொள்வான். அன்றிலிருந்து அவள் யாரையும் அரை மார்க்குக்கு மேல் தோற்கவிட்டதில்லை. இருபது வருஷமாக ஒரு புகாரும் கிடையாது. இதைத் தலைவர் ஆண்டு விழாவில் குழுவின் நேர்மைக்குச் சான்று என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

அவர்களை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. டயர் உருட்டினவனெல்லாம் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்று மனசுக்குள் பொருமுவாள். வக்கீலைப் பார்த்தால் வாடகைக்கு எடுத்த நாக்கு என்று தோன்றும். தலைவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற கூட்டம் என்று அவர்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் தலைவர்மேல் உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. ஒரு சொல் பேசாமல் கண்ணாடியை மட்டும் கழற்றி ஒருவர் தலையெழுத்தை மாற்றுகிற மனுஷன் சாதாரண ஆளா? அவன் மனசில் ஒன்றை நினைத்துவிட்டால் நான் யார் தடுக்க? அப்படி நினைத்துக்கொண்டால் பேனா தடங்கலில்லாமல் ஓடும். ராத்திரித் தூக்கமும் வரும்.

அந்தத் தூக்கத்தைக் கெடுக்க ஒருத்தி இருந்தாள். கணக்கு டீச்சர்.

பதினோரு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கணக்கென்றால் அவள்தான். மற்ற வகுப்பில் பிள்ளைகள் மணியை எண்ணிக்கொண்டிருக்கும், இவள் வகுப்பில் மணி அடித்த பிறகும் பலகைக்கு முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். தற்காலிகம் என்பதால் கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் துணிக்கடையில் பில் போடுவாள். பிள்ளைகளின் அப்பா அம்மா வரிசையில் நின்று, "டீச்சர், நீங்களா?" என்று கேட்டால், "ஆமா, சில்லறை இருக்கா பாருங்க" என்பாள்.

நிரந்தர இடத்துக்கு ஐந்து தடவை விண்ணப்பித்தாள். ஐந்து தடவையும் எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். ஐந்து தடவையும் நேர்முகத்தில் தலைவரின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. ஒரு தடவை அறுபத்தொரு மார்க்கு வாங்கி வந்தவளை, ஐம்பத்து நாலரை வாங்கினவனுக்குக் கீழே கொண்டுவர மினிட்ஸ் அம்மா ஒரு மத்தியானம் முழுக்க அழிரப்பரோடு உட்கார்ந்தாள். இவளுக்குப் பதினைந்தரை, அவனுக்கு இருபத்திரண்டரை. எழுபத்தாறரை, எழுபத்தேழு. அரை மார்க்கு.

ஒவ்வொரு தடவையும் பலகையைப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சர் நேராக இவளிடம்தான் வருவாள். அழ மாட்டாள்.

"அரை மார்க்குதானேக்கா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை. அடுத்த தடவை விட மாட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மினிட்ஸ் அம்மாவிடம் வந்தாள்.

"போகலாமாக்கா? இங்க போன தடவையும் அரை மார்க்குலதான் போச்சு. என் பிள்ளைங்க பத்தாவது வந்திருக்குதுங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமா? நீங்க சொல்லுங்க."

போடி, இங்கே உனக்குக் கிடைக்காது, அந்த ஆள் உன்னை நினைக்கவே இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"உன் இஷ்டம்மா," என்றாள். "நான் என்ன சொல்ல முடியும்? மூடிய அமர்வு."

கணக்கு டீச்சர் அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த வருஷமும் அரை மார்க்கில் தோற்றாள்.

அவளுக்காக மினிட்ஸ் அம்மா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. ஓர் உதவி செய்துகொண்டிருந்தாள். நேர்முகத்துக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசையை அவள்தான் எழுதுவாள். கணக்கு டீச்சரை எப்போதும் முதல் ஆளாகப் போடுவாள். காத்துக் கிடக்க வேண்டாம், முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிடலாம். கணக்கு டீச்சர் ஒவ்வொரு தடவையும் இதற்கு நன்றி சொல்லுவாள்.

இந்த வருஷம் ஆறாவது தடவை. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. நாற்பத்தைந்துக்குமேல் நிரந்தர இடம் கிடையாது என்று விதி. இதை விட்டால் அவ்வளவுதான். சாகிறவரைக்கும் கோடையில் துணிக்கடைதான்.

மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கு டீச்சர், டை கட்டின ஓர் இளைஞன், வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா. எழுத்துத் தேர்வில் கணக்கு டீச்சருக்கு அறுபத்து மூன்று. டை கட்டினவனுக்கு ஐம்பத்தெட்டரை. வெளியூர் அம்மாவுக்கு ஐம்பத்தாறு.

தலைவர் வந்து உட்கார்ந்தார். உறுப்பினர்கள் நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தபடியே இருந்தார்கள். தலைவர் முகத்தில் கண்ணாடி இல்லை.

"கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்," என்றார் தலைவர் சந்தோஷமாக. "ரெண்டு கண்ணும். இப்ப கண்ணாடியே வேண்டாம். அதோ அந்த நாள்காட்டில இருக்கிற பொடி எழுத்துகூடத் தெரியுது."

"பத்து வயசு குறைஞ்சாப்ல இருக்கீங்க," என்றார் வக்கீல். சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை.

கதவு மூடியது. கணக்கு டீச்சர் வந்தாள், பதில் சொன்னாள், போனாள். உறுப்பினர்கள் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. டை கட்டினவன் வந்தான். நடுவில் தலைவர் தண்ணீர் குடித்தார். பல் டாக்டர் முழங்கையால் பஸ் முதலாளியை இடித்தார். வெளியூர் அம்மா வந்தபோது தலைவருக்குத் தும்மல் வந்தது. பஸ் முதலாளி பல் டாக்டரைத் திருப்பி இடித்தார். ஓய்வுபெற்ற அதிகாரி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூங்காமல் இருந்தார்.

மூன்று பேரும் போன பிறகு அறையில் ஒரு பேச்சு நடந்தது பாருங்கள், அதை எழுதிவைத்து அடுத்த தலைமுறைக்குக் காட்ட வேண்டும்.

"அப்ப... தெளிவாத்தான் இருக்கு," என்றார் வக்கீல்.

"ரொம்பத் தெளிவு," என்றார் பல் டாக்டர். "தண்ணி மாதிரி தெளிவு." தண்ணி என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னமோ அதுக்கப்புறந்தான் தெளிவான மாதிரி பட்டுது," என்றார் பஸ் முதலாளி.

"தலைவர் மனசுல யாரோ அவங்கதான் என் மனசுலயும்," என்றார் அதிகாரி.

"அதேதான்," என்றார்கள் மற்ற மூவரும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நாலு பேரும் முழித்தார்கள். மூன்று பேரில் யார் நல்ல டீச்சர் என்று யோசித்துப் பார்க்கலாமே என்று ஒருத்தருக்குத் தோன்ற வேண்டுமே! அந்தப் பாதையில் நடந்து பழக்கமில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குச் சொட்டு மருந்து போடற நேரம். உங்க எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரி. வழக்கம்போல எழுதிடுங்கம்மா," என்று வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் போட்டதும் நாலு பேரும் அவசர அவசரமாகப் போட்டார்கள். போகிற போக்கில் வக்கீல் மினிட்ஸ் அம்மாவின் காதோரம் குனிந்தார்.

"தலைவர் யாரைக் காட்டினாரோ அவங்களையே போட்டுடுங்க. என்ன, புரிஞ்சுதா?"

"யாரைக் காட்டினார் சார்?"

"அதான் பாத்தீங்களே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் பின்னாலேயே ஓடினாள். அவர் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயா, மன்னிக்கணும். நீங்க யாரை நினைச்சீங்கன்னு யாருக்கும் தெரியலை. அதான் கேட்டுக்கலாம்னு..."

"நான் எங்கம்மா நினைச்சேன்?" தலைவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நான் என்னிக்கு நினைச்சிருக்கேன்? அவங்கெல்லாம் படிச்சவங்க. வக்கீல், டாக்டரு. நான் டயர் வித்தவன். நமக்கு எதுக்கு வம்புன்னு இத்தனை வருஷமா நான் வாயே திறந்ததில்லையே. அவங்க முடிவு பண்றாங்க, நான் சரின்னு கையெழுத்துப் போடறேன்."

"நீங்க... கண்ணாடியைக் கழட்டுவீங்களே ஐயா."

"ஆமா, கழட்டுவேன். மூக்கு வலிக்கும்மா. தடிக் கண்ணாடி. ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது, இங்க பாருங்க, தழும்பு இன்னும் போகலை." மூக்கைத் தடவிக் காட்டினார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன் ஐயா."

கார் போய்விட்டது. அவள் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாளோ, காவல்காரர் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்புகளை இறக்கினாள். நாற்பத்தோரு நியமனங்கள். யாரை எத்தனையாவதாகக் கூப்பிட்டோம் என்று அவள் கையாலேயே எழுதிய வரிசைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முப்பத்தாறு பேர் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ உள்ளே போனவர்கள். நாலு பேர் ஐந்தாவது. ஒருத்தர் இரண்டாவது. ஆளுக்கு இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டால் மூக்கு வலிக்க ஆரம்பிக்கிற நேரம் சரியாக வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது; விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கி ஆசிரியர் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். எள் என்று யாரும் சொல்லவே இல்லை. எண்ணெய் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

முதலில் கூப்பிட்டவர்களில் ஒருத்தர்கூட வேலை வாங்கியதில்லை. கணக்கு டீச்சரை ஐந்து தடவையும் முதலில் போட்டது யார்? காத்துக் கிடக்க வேண்டாமே என்று இரக்கப்பட்டு எழுதிய கை யாருடையது? அந்த வரிசையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலாவதாக அவள் பெயரை எழுதியிருந்தால் போதும்.

தன்னுடைய பழைய கோப்பையும் எடுத்தாள். எடுக்காமலே இருந்திருக்கலாம். தட்டச்சர் நேர்முகம், வரிசை எண் நாலு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் அவர்களைக் கெட்டவர்கள் என்று வெறுத்தாள். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். இவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை. ஐந்து வெற்று நாற்காலிகள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்ட தலைகள். ஒரு வெற்று நாற்காலிக்குப் பயந்து ஒருத்தியின் பதினோரு வருஷத்தை அரை அரை மார்க்காக அறுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்களாவது வெறும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நிரப்பினது அவள்.

சாயங்காலத்துக்குள் பட்டியலை எழுதி முடித்தாள். முதல் இடம் கணக்கு டீச்சர். மறுநாள் காலையில் நியமன உத்தரவில் தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அவளைப் பார்த்துக் கண்ணடித்து, "நான் அப்பவே நினைச்சேன்," என்றார். பல் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

வக்கீல் சொல்லிக் கேள்விப்பட்டு, பலகையைக்கூடப் பார்க்காமல், கணக்கு டீச்சர் முதல் மணிக்கு முன்னால் ஓடிவந்தாள். உத்தரவைக் கையில் வாங்கினதும் கோப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து தடவை அழாதவள் இப்போது அழுதாள்.

"எனக்குத் தெரியும்க்கா, என்கிட்டதான் குறை இருந்துச்சு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முதல் தடவை வேகமாப் பேசிட்டேன். ரெண்டாவது தடவை சிரிச்சுட்டேன், அதுக்கப்புறம் நேர்முகத்துல சிரிக்கிறதையே விட்டுட்டேன். மூணாவது தடவைக்கப்புறம் பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். கையெழுத்தை மாத்தினேன். போன வருஷம் முழுக்க ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு பதில் சொல்லிப் பாத்தேன், எங்க வீட்டுக்காரர் பயந்தே போயிட்டாரு. ஒவ்வொரு அரை மார்க்கும் ஒரு பாடம்க்கா. குழு என்னைச் செதுக்கி எடுத்துடுச்சு."

மினிட்ஸ் அம்மா பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஆனால் குழு செதுக்கியது என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. ஒரு டயர்க்காரனின் மூக்குத் தழும்புக்கு இவள் ஏன் சிரிப்பை விட்டாள்? கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, மூக்கு வலி, வரிசை, வெறும் தாள், பின்னாலிருந்து போட்ட கணக்கு, எல்லாம். சொல்லும்போது அந்த ஐந்து பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். தண்டச்சோறுகள் என்றாள். இவன்களை நம்பி ஊர்ப் பிள்ளைகளை விட்டிருக்கிறார்களே என்றாள்.

கணக்கு டீச்சரின் அழுகை நின்றுவிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பலகையில் ஒரு பிள்ளை தப்பாகப் போடுகிற கணக்கைக் கடைசி வரிவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த மாதிரி.

"அப்ப அந்த அரை மார்க்கு?" என்று கேட்டாள்.

"நான் போட்டதும்மா. தூரத்துல தோத்தா மனசு கஷ்டப்படுமேன்னு..."

"தூரத்துல தோத்திருந்தா நான் ஸ்டேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன்."

மினிட்ஸ் அம்மா மேசைமேல் கிடந்த கோப்பை மூடினாள்.

"இந்தத் தடவை அந்த டை கட்டின தம்பிக்கு எவ்வளவு போட்டீங்க?"

"நேர்முகத்துக்கு இருபத்திரண்டு."

"எனக்கு?"

"பதினெட்டு."

கணக்கு டீச்சருக்குக் கூட்டிப் பார்க்கத் தாள் வேண்டியதில்லை. "எண்பத்தொண்ணு, எண்பதரை," என்றாள். "நாலரை மார்க்கு முன்னால இருந்த என்னை எதுக்குப் பிடிச்சு இழுத்து அவன் பக்கத்துல நிறுத்தினீங்க? இந்தத் தடவை உங்களை யாரு கேட்டா? எந்தத் தலைவர் சொன்னாரு?"

அவள் அதைக் கேட்ட பிறகுதான் மினிட்ஸ் அம்மாவுக்கே உறைத்தது. யாரும் சொல்லவில்லை. யாருடைய பயமும் இல்லை. கை தானாகப் போய் எழுதியிருக்கிறது. அந்தப் பையன் இந்நேரம் பலகை முன்னால் நின்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

"பழக்கம்மா," என்றாள்.

கணக்கு டீச்சர் உத்தரவை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தாள். மணி அடித்தது. கதவைத் திறந்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

"இதைத் திருப்பித் தர மாட்டேன். இது எனக்கு வரவேண்டியது, அறுபத்து மூணு வாங்கினவ நான். வக்கீல் சார் காலைல சொன்னாரு, சாயங்காலம் அஞ்சு பேர் வீட்டுக்கும் போய் நன்றி சொல்லிட்டு வரணுமாம். போகத்தான் போறேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம், நன்றிதானே, சொல்லிட்டுப் போறேன். எல்லாம் தெரிஞ்சு செஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

இந்தத் தடவை அக்கா என்ற சொல் வரவில்லை.

"உங்களுக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.